பின்சக்கரத்துக்கு ஏற்ற எண்ணெய்

மகள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தபோது தன் கியர் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். விற்றுவிடச் சொல்லித்தான் போனாள். எனக்கு மனம் வரவில்லை. மழை விட்டிருந்த ஒரு காலையில் டயர்களுக்குக் காற்றடித்து, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சூரியகுளம் பக்கமாக ஒரு சுற்று போய்விட்டு வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் சைக்கிளில் ஏறியது அன்றைக்குத்தான். இறங்கியபோது தொடை இரண்டும் நடுங்கின. ஆனாலும் மறுநாளும் போனேன்.

நான் ஜாக்கெட் தைப்பவள். ஆரணி பஜாருக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை. பட்டுச்சேலை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அப்படியே ஜாக்கெட்டுக்கும் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. மிஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்ததில் நாற்பதைத் தாண்டியதும் இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொண்டன. டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பது எனக்கு அலுப்பு. பார்த்த வீட்டையே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? சைக்கிள் அப்படி இல்லை. சில மாதங்களில் கடைக்குப் போக வர சைக்கிள்தான் என்று ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைத் தாண்டி சேத்துப்பட்டு ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவேன். வழியில் இறங்கித் தண்ணீர் குடித்தால் போதும், யாராவது வண்டியை நிறுத்தி, “இன்னாம்மா, ஸ்கூட்டி ரிப்பேரா?” என்று கேட்பார்கள். இல்லை, சும்மா சுற்ற வந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். பிறகு நானே, “ஆமாங்க, ஸ்கூட்டி மெக்கானிக்கிட்ட இருக்குது” என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்கூடத்தில் இரண்டு குழித்தறி. ஒன்றில் என் கணவர் நெய்கிறார். இன்னொன்றில் அவருடைய அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். தன் வீட்டுச் சமையலை முடித்துவிட்டு வந்து தறியில் இறங்கினார் என்றால் மதியம் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். எனக்கும் அவருக்கும் சண்டை என்று எதுவும் வந்ததில்லை. அதேபோல நெருக்கம் என்று சொல்லவும் எதுவும் இல்லை. காபி கொண்டுபோய் வைத்தால், “வெச்சிட்டுப் போ” என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு, பல வருடங்களாக.

சைக்கிளை நிறுத்த இடம் அண்ணியின் தறிக்குப் பக்கத்துச் சுவரோரம்தான். வெளியே விட்டால் வெயிலும் மழையும். கொல்லைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் சமையலறை வழியாகத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

சைக்கிளை மிதிக்காமல் உருள விடும்போது பின்சக்கரத்தின் நடுவிலிருந்து டிக்டிக் என்று ஒரு சத்தம் வருமே, அது ஆரம்பத்தில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. போகப்போக வறண்டு, கரகரவென்று கொட்டைப்பாக்கு வெட்டுகிற மாதிரி ஆனது. அதிகாலையில் வீட்டுக்குள்ளிருந்து உருட்டிக்கொண்டு வெளியே வந்தால் எங்கள் தெரு நாய்கள் எழுந்துவிடும். நான் மிதித்துக்கொண்டே போகும்வரை சும்மா இருக்கும். மிதிப்பதை நிறுத்திச் சத்தம் வந்ததும் துரத்தும். பயத்தில் நான் நிறுத்தாமல் மிதிப்பேன். தெருமுனை திரும்பும்போதும் மிதித்துக்கொண்டே திரும்பியதில் ஒரு நாள் பால்காரர் மேல் மோதப் பார்த்தேன்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பல்சக்கரத்துக்குள்ளே ஃப்ரீவீல் என்று ஒரு பாகம் ஒளிந்திருக்கிறது. அதற்குள் நாக்கு மாதிரி இரண்டு சின்ன இரும்புத் துண்டுகள். மிதிக்கும்போது அவை நிமிர்ந்து, உள்ளே இருக்கும் பற்களைப் பிடித்துச் சக்கரத்தைத் தள்ளும். மிதிப்பதை நிறுத்தினால் படுத்துக்கொண்டு பற்களின் மேல் தட்டித்தட்டிப் போகும். அந்தத் தட்டல்தான் டிக்டிக். நாக்கை நிமிர்த்திப் பிடிப்பது தலைமுடி கனத்துக்கு ஒரு ஸ்பிரிங். ஒரு ஆளின் எடை முழுவதும் அந்த இரண்டு நாக்குகளை நம்பித்தான் முன்னால் போகிறது.

அப்போது எனக்கு இவ்வளவு தெரியாது. சத்தம் வந்தால் எண்ணெய் விடவேண்டும் என்பது மட்டும் தெரியும். எண்ணெய் என்றால் கையில் இருந்தது தையல் மிஷின் ஆயில். தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். துணியில் பட்டாலும் துவைத்தால் போய்விடும். சைக்கிளைப் படுக்கப்போட்டு, பல்சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே, நடுவில் தெரிந்த இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டேன். எண்ணெய் உள்ளே இறங்க இறங்கச் சத்தம் அடங்கியது. இவ்வளவுதானா என்று இருந்தது. சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் விட்டேன்.

ஒரு வாரம் சத்தமே இல்லை. அதற்கப்புறம் மெதுவாகத் திரும்பி வந்தது. மறுபடி விட்டேன். இப்படியே மூன்று நான்கு முறை. விட்ட எண்ணெய் எங்கே போகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. அது வழியெல்லாம் வெளியேறி, சக்கரத்தின் கம்பிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. போகும்போது வெறும் கையோடு போகவில்லை. பல வருடத்து இரும்புத் தூளையும் ரோட்டு மண்ணையும் கரைத்துக்கொண்டு, கறுப்பாக.

ஒரு காலை, நான் சமையலறையில் இருந்தேன். அண்ணி வந்து தறிக்கு அடியில் பெருக்குவதற்காகச் சைக்கிளைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறார். சக்கரத்தின் கம்பியைப் பிடித்து இழுத்திருக்கிறார். பிறகு தறியில் இறங்கி உட்கார்ந்து, முதல் நாள் நெய்த இடத்தைத் தடவிப் பார்த்திருக்கிறார். நெய்ய ஆரம்பிக்கும் முன் அப்படித் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம்.

“இங்க வா” என்று கூப்பிட்டார். சத்தமாகக் கூட இல்லை.

சந்தன நிற உடல், அரக்கு பார்டர். கல்யாணப் பெண்ணுக்கான சேலை. அதன்மேல் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு. விரல் ரேகை கூடத் தெரிந்தது.

கணவர் அவர் தறியிலிருந்து எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “சைக்கிள இங்க நிறுத்தாத, நிறுத்தாதன்னு எத்தினி வாட்டி சொல்றது உனக்கு? பட்டு இருக்கற எடத்துல எண்ண வண்டி இன்னாத்துக்கு?”

“நீ சும்மா இரு” என்றார் அண்ணி. “தொட்டது என் கை. கை கழுவாம உக்காந்தது நானு.”

அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்புறம்தான் நான் யார் என்பது எனக்கே நினைவுக்கு வந்தது. ஜாக்கெட்டில் மிஷின் எண்ணெய் சொட்டுவது எங்கள் தொழிலில் எப்போதும் நடப்பதுதான். அதை எடுக்கத் தெரியாமல் கடை நடத்த முடியாது.

“அண்ணி, தண்ணி மட்டும் வெச்சிடாதீங்க. நான் எடுக்கறேன்.”

“வந்துடுமா?”

“முதல்ல ஓரத்துல பாக்கலாம்.”

சேலை ஆரம்பிக்கும் இடத்தில், வெட்டிப் போடப்போகிற ஓரத்தில், என் விரலில் அதே எண்ணெயைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தேன். அதன்மேல் முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டி, எண்ணெய் ஊறும்வரை விட்டுத் தட்டினேன். பிறகு கறை எடுக்கவென்றே நான் வாங்கி வைக்கும் வெள்ளைப் பெட்ரோலில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, வெளியிலிருந்து நடுவுக்கு ஒற்றினேன். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் வளையம் விழுந்துவிடும். சாயம் கலங்கவில்லை. அதன் பிறகுதான் உண்மையான கறைக்குப் போனேன். அண்ணி துணிக்கு அடியில் மடித்த வேட்டித் துண்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சைக்கூடப் பார்த்து விட்டுக்கொண்டு, மதியம்வரை அப்படியே இருந்தோம். அவ்வளவு நேரம் நானும் அண்ணியும் அருகில் உட்கார்ந்தது அதுவரை இல்லை. அவர் தலையிலிருந்து சீயக்காய் வாசனை வந்தது.

கறை போய்விட்டது. ஒரு நிழல் மட்டும், இருந்த இடம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, மிச்சம் இருந்தது.

சேலை முடிந்து, நெய்யக் கொடுத்த வியாபாரி எடுத்துப்போக வந்தபோது அண்ணி மறைக்கவில்லை. “இங்க எண்ண பட்டுச்சி, எடுத்திருக்குறோம், பாத்துக்குங்க” என்று விரல் வைத்துக் காட்டினார். வியாபாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“எங்க?”

“இதோ, இங்க.”

“எங்கம்மா? எனக்கு ஒண்ணும் தெரியலியே.”

“நல்லா பாருங்க. இதோ இந்தப் பூப்புட்டாவுக்குக் கீழ.”

“நீ சொல்றதால இருக்குதோன்னு தோணுது. வுடு” என்று மடித்து எடுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு அண்ணி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கறையைக் காட்ட இவ்வளவு பாடுபட்டது நாம் மட்டுமாகத்தான் இருக்கும் என்றார்.

எண்ணெய் இனிச் சொட்டவே கூடாது என்று நான் முடிவு செய்தேன். ஊரில் ஒரு சைக்கிள் கடைக்குப் போய், சத்தமும் வரக்கூடாது, ஒரு சொட்டு வெளியே கசியவும் கூடாது என்று சொன்னேன். கடைக்காரர் என் வயதுக்காரர். கலகலப்பானவர். “கவலயே படாதீங்க மேடம்” என்று ஃப்ரீவீலைக் கழற்றி, திறந்து, மண்ணெண்ணெயில் கழுவி, லாரிச் சக்கரத்துக்குப் போடுகிற கெட்டியான கிரீஸை விரலால் வழித்து வழித்து உள்ளே அடைத்தார். இடைவெளியே தெரியவில்லை. “இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இதத் தொடாதீங்க” என்றார். எனக்கும் அவர்மேல் நம்பிக்கை வந்தது. கேட்டது நான். கேட்டதைச் செய்து கொடுத்தார்.

அதன் பிறகு வந்த வாரங்களைப் போல நான் சைக்கிளை அனுபவித்ததில்லை. இறக்கத்தில் மிதிப்பதை விட்டால் ஒரு சத்தமும் இல்லை. டயர் தாரில் உருளும் மெல்லிய இரைச்சல் மட்டும். நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. சேத்துப்பட்டு ரோட்டில் நெல் வயலுக்குள் கொக்கு நடப்பது கேட்கிற மாதிரி இருந்தது. சக்கரத்தின் கம்பிகளைத் தினமும் பழைய துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. கணவர்கூடச் சுவரோரத்தில் சைக்கிள் நிற்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மார்கழி பிறந்தது. படவேட்டுக்குச் சைக்கிளிலேயே போய் ரேணுகாம்பாள் அம்மனைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. அவ்வளவு தூரம் நான் போனதில்லை. கணவரிடம் சொன்னேன். “போறது போ, முடியலன்னா போன் பண்ணு” என்றார். அண்ணி மட்டும், “தனியாவா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு எலுமிச்சம்பழத்தை என் பையில் போட்டார்.

விடியும்போது கிளம்பினேன். ஸ்வெட்டர் போட்டும் விரல்கள் விறைத்தன. சந்தவாசலில் திரும்பி, ஜவ்வாது மலை பனிக்குள் கோடாகத் தெரிய ஆரம்பித்ததும் எனக்கு ஒரே குஷி. வாழைத்தோப்புகளுக்கு நடுவே ரோடு மெல்ல இறங்கியது. மிதிப்பதை விட்டுவிட்டு, சத்தமில்லாமல், மூக்கில் குளிர் ஏற, நீண்ட தூரம் உருண்டேன்.

இறக்கம் முடிந்தது. மிதித்தேன். கால் வெறுமனே சுற்றியது.

சங்கிலி கழன்றுவிட்டது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் சங்கிலி அதன் இடத்தில் இருந்தது. மிதித்தால் சங்கிலி ஓடியது, பல்சக்கரமும் சுற்றியது. சக்கரம் மட்டும், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல, வேகம் குறைந்து நின்றுவிட்டது. கியரை மாற்றிப் பார்த்தேன். முன்னும் பின்னும் மிதித்துப் பார்த்தேன். சைக்கிளை ஒரு குலுக்கு குலுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. எதுவும் உடையாமல், எதுவும் கழலாமல், ஒரு வண்டி இப்படி நின்றுபோகும் என்று எனக்குத் தெரியாது. முன்னாலும் பின்னாலும் ஆள் நடமாட்டம் இல்லை. அந்த ரோட்டில் பஸ் எப்போது வரும் என்பது தெரியாது. வந்தாலும் சைக்கிளை ஏற்றமாட்டார்கள். பயம் என்று சொல்ல முடியாது. நம்பின ஒருவர் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

தள்ளிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு தோப்பின் வாசலில், புருஷனும் பெண்டாட்டியும் குட்டி யானை லோடு வண்டியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டியிருந்த அந்த அம்மாள்தான் முதலில் பார்த்தார்.

“இன்னாங்க ஆச்சி? பஞ்சரா?”

“பஞ்சர் இல்லீங்க. மிதிச்சா போவ மாட்டேங்குது.”

“மிதிச்சா போவாத சைக்கிளா?” என்று அவர் புருஷனைப் பார்த்தார். அவர் தாரை இறக்கி வைத்துவிட்டு வந்து பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “இது இன்னாடா பேஜாரு. எல்லாம் சுத்துது, வண்டி போவல.”

“எங்கிருந்து வர்றீங்க?” என்றார் அம்மாள்.

“ஆரணிங்க.”

“ஆரணிலருந்து மிதிச்சிகினு வந்தீங்களா? இந்தக் குளிர்லயா?” ஸ்கூட்டி பொய்யை அன்றைக்கு நான் சொல்லவில்லை. அம்மனைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் தலையாட்டினார். “நாங்க ஆரணி மார்க்கெட்டுக்குத்தான் போறோம். ஏத்தி முடிச்சதும் சைக்கிள மேல போட்டுக்கலாம். செத்த இருங்க.”

சும்மா உட்கார மனமில்லாமல் தார்களை எடுத்துக் கொடுத்தேன். சைக்கிளை வரப்போரம் வெயில் விழும் இடத்தில் சாய்த்து வைத்திருந்தேன். மலைக்கு மேல் சூரியன் ஏறி, பனி கலைந்து, என் ஸ்வெட்டர் தேவையில்லாமல் போனது. ஏற்றி முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுக்கப் போனேன். பெடலை எதேச்சையாகக் காலால் தள்ளினேன். டக் என்று பிடித்தது. சக்கரம் நகர்ந்தது.

அப்போதுதான் புரிந்தது. உள்ளே எதுவும் கெடவில்லை. நான் கேட்டு வாங்கிய அந்தக் கெட்டி கிரீஸ் குளிரில் இறுகி, இறக்கத்தில் படுத்த நாக்குகளை மறுபடி எழவிடாமல் ஒட்டிப் பிடித்துக்கொண்டது. அந்த மயிரிழை ஸ்பிரிங்கால் அதைத் தள்ள முடியவில்லை. சத்தம் அடங்கியதும் அதனால்தான். நாக்கு பற்களைச் சரியாகத் தட்டவே இல்லை என்றால் சத்தம் எங்கிருந்து வரும்?

“பிடிச்சிகிச்சா? அப்ப கோயிலுக்குப் போறீங்களா?” என்றார் அம்மாள்.

யோசித்தேன். கோயில் அங்கிருந்து பக்கம்தான். ஆனால் லாரி எதிரே வரும்போது ஏற்றத்தில் கால் வெறுமனே சுற்றினால்? “இல்லீங்க, இன்னொரு நாள் வர்றேன்” என்றேன். சைக்கிள் வாழைத்தார்களின் மேல் படுத்துக்கொண்டது. நான் அவர்கள் இருவருக்கும் நடுவே நெருக்கி உட்கார்ந்து ஆரணி வந்து சேர்ந்தேன். இறங்கும்போது ஒரு சீப்பு வாழைப்பழத்தை மடியில் வைத்தார்கள்.

கோயிலுக்குப் போகாமல் பழத்தோடு வந்தவளைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மகள் வீடியோவில் வந்து, “அம்மா, ஃப்ரீவீலுக்குன்னே லேசா ஒரு கிரீஸ் விக்கறாங்க, அனுப்பி வெக்கட்டுமா?” என்று கேட்டாள். அனுப்பு, ஆனால் அது என்ன மாதிரி இருக்க வேண்டும் என்று முதலில் நான் தெரிந்துகொள்கிறேன் என்றேன். போனில் தேடினால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கிரீஸே ஆகாது என்றார் ஒருவர், ஆயில் நிற்காது என்றார் இன்னொருவர். பனி கொட்டும் நாட்டுக்காரர் சொல்வது ஆரணிக்குப் பொருந்துமா என்றும் தெரியவில்லை.

சாப்பாட்டுத் தூக்கின் அகலமான மூடி ஒன்று இருந்தது. குளிரில் எது இறுகுகிறது, எது ஓடுகிறது என்று நானே பார்த்துவிட, அதில் ஒரே வரிசையாகப் பொட்டுப் பொட்டாக வைத்தேன். மிஷின் ஆயில், கணவரின் பைக்குக்கு வாங்கிய இன்ஜின் ஆயில், சைக்கிள் கடையில் கேட்டு வாங்கி வந்த கிரீஸ், அந்த கிரீஸையும் இன்ஜின் ஆயிலையும் குழைத்த கலவை. அண்ணி வந்து நின்று பார்த்தார்.

“தேங்கா எண்ண வெக்கலியா?”

“அது எதுக்கு அண்ணி?”

“பட்டுல பட்டா கறுப்பாவாதே. வெச்சுப் பாரு.”

அதையும் ஒரு பொட்டு வைத்தேன். மூடியை மொட்டை மாடியில் இரவெல்லாம் வைத்துவிட்டு, விடிந்ததும் போனேன். சேலைத் தலைப்பைக் காதைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு அண்ணியும் வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை. தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து மெழுகாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவரே சிரித்துவிட்டார். “என் தலைக்கே காலைல அடுப்புல காட்டித்தான் தேய்க்கறேன். அத மறந்துட்டேன் பாரு.”

மூடியை மெல்லச் சாய்த்தேன். மிஷின் ஆயில் கோடு போட்டு ஓடிவிட்டது. இன்ஜின் ஆயில் பின்னாலேயே போனது. கிரீஸ் வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தது. கலவை மட்டும் கொஞ்சம் தயங்கி, வயிறு பெருத்து, இறங்க ஆரம்பித்தது.

“அது வருது பாரு, வருது” என்றார் அண்ணி. ஓட்டப்பந்தயம் பார்ப்பது போல இரண்டு பேரும் குனிந்து நின்றோம். “இன்னும் கொஞ்சம் ஆயில் ஊத்து. இது ரொம்பச் சோம்பேறியா இருக்குது.”

அடுத்தடுத்த காலைகளில் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தோம். தேன் பதத்துக்கு வந்தபோது, சாய்த்தால் நகர்ந்தது, நிமிர்த்தினால் நின்றது. அண்ணி அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, “இது இழுக்கவும் இல்ல, ஓடவும் இல்ல” என்றார். பிறகு தன் முழங்காலைத் தட்டி, “எனக்கும் இதுல கொஞ்சம் வை” என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட முதல் வேடிக்கை அதுதான் என்று நினைக்கிறேன். இல்லை, அதற்கு முன்பும் சொல்லியிருக்கலாம். நான்தான் காபியை வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தேனே.

மகள் அனுப்பிய டியூபும் அந்த வாரமே வந்தது. திறந்து மூடியில் ஒரு பொட்டு வைத்துச் சாய்த்தோம். எங்கள் கலவையைப் போலவேதான் நகர்ந்தது. எங்களுடையது ஒரு மாதிரி அழுக்கு மஞ்சள், அதுவோ கண்ணாடி மாதிரி. கறை என்ற பேச்சு வந்தால் கண்ணாடி மாதிரி இருப்பதே நல்லது என்று அதையே எடுத்துக்கொண்டோம். எங்கள் கலவை வீண் என்று தோன்றவில்லை. அது இல்லாமல் டியூபை நம்பியிருக்கமாட்டேன்.

சைக்கிள் கடைக்காரரிடம் போய்ப் பழைய கிரீஸை முழுக்கக் கழுவி எடுக்கச் சொன்னேன். “நீங்கதான மேடம் சத்தமே வரக்கூடாதுன்னு சொன்னீங்க?” என்றார்.

“வரட்டுங்க. லேசா வரட்டும்.”

படவேட்டு வழியில் சைக்கிள் நின்ற கதையைச் சொன்னதும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “ஐயய்யோ. அவ்ளோ தூரம் போவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க.” நாக்குகளின் மேல் டியூப் கிரீஸை மெல்லிய பெயின்ட் பிரஷால் ஒரு பூச்சு மட்டும் பூசினோம். சக்கரம் சுழலும் அச்சில் இருக்கும் பேரிங் குண்டுகளுக்கு அவருடைய கெட்டி கிரீஸே இருக்கட்டும், அங்கே அதுதான் சரி என்றார். அது உண்மைதான் என்று நானும் படித்திருந்தேன். ஃப்ரீவீலை மூடிச் சுற்றிப் பார்த்தபோது டிக்டிக் என்று, துணிக்கு அடியில் கடிகாரம் வைத்தது போல, அடங்கின சத்தம் வந்தது. நாக்கு எழுந்து தட்டுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. இப்போது அது கேட்காவிட்டால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

எல்லாம் முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் அந்த கிரீஸும் கொஞ்சம் இளகிக் கம்பியில் தெரிந்தது. சைக்கிளை இப்போது சமையலறை வழியாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில்தான் நிறுத்துகிறேன். அண்ணி எங்கள் வீட்டில் இருக்கும் நேரமாக இருந்தால் பின்பக்கத்தை அவர் பிடித்துக்கொள்வார். பிடித்ததும் நேராகக் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தறிக்குப் போவார்.

படவேட்டுக்கு அடுத்த மார்கழியில் போனேன். அதே குளிர், அதே இறக்கம். கீழே வந்து மிதிக்கும் முன் ஒரு நொடி மனம் திக்கென்றது. மிதித்தேன். பிடித்தது. நிற்காமல் போய்க் கோயில் வாசலில்தான் இறங்கினேன். தரிசனம் முடித்து, மலை நன்றாகத் தெரியும் ஒரு இடத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ போட்டேன். கணவர் எடுத்து, போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

“போய்ட்டியா?”

“போய்ட்டேன் அண்ணி. இதோ கோயிலு.”

“கோயில நான் பாத்திருக்கேன். அந்த மலையக் காட்டு.”

போனைத் திருப்பிப் பிடித்தேன். பனி பாதி மலைவரை இறங்கியிருந்தது. அண்ணிக்குப் பின்னால் என் கணவரின் தறி ஓடிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் வலது பக்கம் திருப்பு” என்றார். திருப்பினேன்.